பாதத்தில் பூசிய எண்ணெய்

வாரின் செத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆள் நன்றாகத்தான் இருந்தான். விடிந்ததும் எழுந்து ஏர் பூட்டினான், ஊர்ப் பன்றிகளைக் காட்டுக்கு ஓட்டிப் போனான், வேலி கட்டினான், மழையில் நனைந்து தும்மினான். இருந்தாலும் ஹெர்லக்கோம்ப் ஊரில் யாரைக் கேட்டாலும் அவன் செத்தவன் என்றுதான் சொல்வார்கள். அவன் பெண்டாட்டி குன்னில்டாவைக் கேட்டால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வாள்.

நடந்தது இதுதான். முந்தின வருஷம் பார்லி அறுப்பு முடிகிற சமயத்தில் அவனுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. நாக்கு கறுத்தது, கண் செருகியது, பெண்டாட்டியைப் பார்த்து அம்மா என்றான். இனி தாங்காது என்று ஹேமோ சாமியாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் மெழுகுத்திரியும் மணியுமாக வந்து, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்கிறபடி அவஸ்தை பூசினார். சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான ஆயர் மந்திரித்துக் கொடுத்த எண்ணெயைத் தொட்டு, கண்ணில், காதில், மூக்கில், உதட்டில், கையில், இடுப்பில், கடைசியாகப் பாதத்தில் சிலுவை போட்டு, இந்த இந்த உறுப்பால் இவன் செய்த பாவமெல்லாம் தொலையட்டும் என்று மன்றாடினார். குன்னில்டா பெட்டியிலிருந்து கோடித் துணியை எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் குளிப்பாட்ட வெந்நீர் போட்டார்கள். வெந்நீர் கொதிப்பதற்குள் வாரின் கண்ணைத் திறந்து குடிக்கக் கள் கேட்டான்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. அவஸ்தை பூசிய ஆள் பிழைத்துக்கொண்டால் அவனை என்ன செய்வது என்று எந்தச் சாமியாரும் அந்த ஊருக்குச் சொல்லித் தந்ததில்லை. ஊரே தானாகத் தெரிந்து வைத்திருந்தது. உதட்டில் எண்ணெய் பட்டுவிட்டதா, இனி அந்த வாய் கறி தின்னக் கூடாது. பாதத்தில் பட்டுவிட்டதா, அந்தப் பாதம் வெறுமனே மண்ணில் படக் கூடாது, பட்டால் புல் கருகும், விதை முளைக்காது. இடுப்பில் பட்டுவிட்டதா, பெண்டாட்டி பக்கம் போகக் கூடாது. கல்யாண வீட்டில் ஆடக் கூடாது. சொத்தை யாருக்கும் எழுதி வைக்கவும் கூடாது, செத்தவனுக்கு ஏது சொத்து? இதையெல்லாம் முதலில் சொன்னது யார் என்று கேட்டால், அந்த ஆள் எப்போதோ செத்துப்போயிருப்பார், நிஜமாகவே.

வாரினுக்குக் கறி போனது வருத்தம்தான். வருஷா வருஷம் மார்ட்டின் திருநாளுக்குப் பன்றி வெட்டுவது அந்த ஊரில் அவன் வேலை. கத்தியைப் பிடிக்கத் தெரிந்த கை வேறு இல்லாததால், செத்தபிறகும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். பக்கத்து வயல்காரன் எட்மர் வீட்டுப் பன்றியை வெட்டிச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, ஈரலும் குடலும் வாணலியில் பொரிகிற வாசனையில் அவன் நின்றான். எட்மர் ஒரு கிண்ணம் நிறைய முட்டைக்கோஸ் கூழைக் கொண்டுவந்து நீட்டினான்.

"சாப்பிடு மாப்ள. ஒனக்குன்னு தனியா வச்சேன்."

"ஏண்டா, அந்த ஈரல்ல ஒரு துண்டு போட்டா என்ன கொறஞ்சா போயிடும்?"

"எனக்கு என்னடா கொறையுது? ஒனக்குத்தான் ஆகாது. பொணம் எங்கயாவது ஈரல் திங்குமா?"

"பொணம் பன்னி வெட்டலாமா?"

"அது வெட்டலாம்" என்றான் எட்மர், யோசித்துத்தான் சொல்கிறவன் போல. "வேல செய்யக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாரினும் சிரித்தான். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தால் ஊர் முழுக்கக் கறியை விட்டுவிட்டு என்னைப்போல் கூழ் குடிக்க வேண்டியதுதானே, அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்றான். அந்தக் கிண்டலெல்லாம் அவனைத் தைக்கவில்லை. அவனைத் தைத்தது வேறு.

அவர்கள் வீடு ஒரே நீளக் கூரை. ஒரு கோடியில் பசு, நடுவில் அடுப்பு, மறு கோடியில் வைக்கோல் மெத்தை. அவன் பிழைத்து எழுந்த வாரமே குன்னில்டா பசுவின் பக்கம் மூங்கில் தட்டிபோல ஒரு கழித் தட்டியைக் கட்டி, அதன் பின்னால் தனக்கு வைக்கோலைப் பரப்பிக்கொண்டாள். அவன் பாதம் தரையில் படாமலிருக்க மெத்தையிலிருந்து அடுப்பு வரை பலகை போட்டாள். செருப்புக்குள் வைக்கோல் திணித்துத் தந்தாள். சோறு தண்ணீரில் ஒரு குறை வைக்கவில்லை. கை மட்டும் படாது. கிண்ணத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு விலகிக்கொள்வாள்.

கல்யாணமான நாளிலிருந்து குளிர் காலத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பனிபோலச் சில்லிட்ட தன் இரண்டு பாதங்களையும் அவன் ஆடுசதையில் கொண்டுபோய் ஒட்டுவாள். அவன் குய்யோ முறையோ என்று கத்துவான், திட்டுவான், காலை இழுத்துக்கொள்வான். அவள் விடமாட்டாள். இப்போது அவன் ஆடுசதை இரண்டும் கதகதவென்று நிம்மதியாக இருந்தன. அந்த நிம்மதியில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மனுஷன் இதற்காகவா அழுவான் என்று நீங்கள் கேட்கலாம். அழுதான்.

அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது, செத்தது சாக்காகப் போயிற்று என்றுதான் அவன் நினைத்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ஹேமோ சாமியாரிடமே போய் நின்றான். சாமியார் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். கோபக்காரர், ஆனால் கோபம் முழங்காலின்மேல்தான், மனுஷர்கள்மேல் இல்லை.

"சாமி, நான் உசிரோட இருக்கேனா, செத்துட்டேனா?"

"என்னடா கேள்வி இது? காலங்காத்தால குடிச்சியா?"

"நீங்க பூசின எண்ணெதான் சாமி இத்தனைக்கும் காரணம். இப்ப நீங்கதான் சொல்லணும்."

விஷயத்தைக் கேட்டதும் சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "அது மருந்துடா! ஆத்துமாவுக்கும் மருந்து, கர்த்தருக்குச் சித்தமானா ஒடம்புக்கும் மருந்து. பூசிப் பொழச்சா சந்தோசப்படணும். ஆயரே கட்டளை போட்டிருக்காரு, பூசிப் பொழச்சவன் கறி திங்கலாம், செருப்பில்லாம நடக்கலாம், பொண்டாட்டியோட படுக்கலாம்னு. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல கிழிகிழின்னு கிழிக்கிறேன் பாரு."

வாரின் போகாமல் நின்றான். "இன்னொண்ணு சாமி. தபசு காலத்துல நீங்கதான் சொன்னீங்க, இந்த ஒடம்பு தோல் போர்த்தின சாணி மூட்டை, புழுவுக்கு வச்ச விருந்துன்னு. அப்புறம் ஈஸ்டருக்கு வந்து, இதே எலும்பும் இதே சதையும் திரும்ப எந்திரிக்கும்னீங்க. சாணி மூட்டைன்னா அது எதுக்கு சாமி திரும்பவும்?"

சாமியார் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"நான் படிச்ச எடத்துல ஒரு வயசான சாமியார் சொல்லுவாரு" என்றார். "மோட்சத்துக்குப் போன ஆத்துமா இருக்கே, அது கடவுளையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாலும், ஓரமா ஒரு ஏக்கம் இருந்துகிட்டே இருக்குமாம். என் ஒடம்பு எங்க, என் ஒடம்பு எங்கன்னு. அது இல்லாம ஆத்துமா பாதி ஆளுதான். கடைசி நாள்ல அது கெடைச்சாத்தான் முழு ஆளு. சாணி மூட்டைதான்டா. ஆனா நம்ம மூட்டை."

வாரினுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் சொன்னபடியே கிழித்தார். ஊர் தலையைக் குனிந்து கேட்டது. வெளியே வந்ததும் எட்மர், "சாமியாருக்கென்ன, அவருக்கு மொச்சை வயலா இருக்கு?" என்றான். அத்தோடு பிரசங்கம் தீர்ந்தது. குன்னில்டா வழியெல்லாம் அவன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வாரின் நேரே புகைக்கூரைக்குக் கீழே போய், தொங்கிய உப்புக்கண்டத்தில் ஒரு துண்டு அறுத்து வாயில் போட்டான். அவள் பார்க்க வேண்டும் என்றுதான் போட்டான். அவள் பார்த்தாள். கையிலிருந்த குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, கூழாங்கல்லை விழுங்கிய குழந்தையின் வாயில் விடுவதுபோல இரண்டு விரலை அவன் வாய்க்குள் விட்டாள்.

"துப்பு! துப்புய்யா! பாவி, துப்பிடு!"

துப்பினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் கை தன்மேல் பட்டது இப்படியா என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது.

"ஏண்டி, நான் செத்தது ஒனக்கு அவ்வளவு வசதியாவா போச்சு? ஆயரே சொல்லிட்டாரு, சாமி சொல்லிட்டாரு, இன்னும் யாரு வந்து சொல்லணும்? தட்டி கட்டிப் படுக்குற!"

"வசதியா?" அவள் குரல் உடைந்தது. "பசு மூத்திர வாடையில ராவெல்லாம் கெடக்கறது எனக்கு வசதியா? யோவ், நீ கெடந்த கெடப்ப நீ பாக்கல. நான் பாத்தேன். ஒன் மூக்கு கூராயிடுச்சு, கால் வெரலெல்லாம் நீலம் பூத்திடுச்சு. சாவு இந்த வாசப்படியத் தாண்டி வந்து நின்னுச்சு. எனக்கு அது வர்றது தெரியும். ரெண்டு புள்ளையத் தூக்கிட்டுப் போனப்பவும் அப்படித்தான் வந்து நின்னுச்சு. அன்னிக்கு ஒன்னக் குனிஞ்சு பாத்துச்சு. கண்ணுல எண்ணெ, வாயில எண்ணெ, கால்ல எண்ணெ. சரி, இவன் முடிஞ்சவன்னு போயிடுச்சுய்யா. ஏமாந்து போயிடுச்சு."

அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

"இப்ப நீ கறியத் தின்னுக்கிட்டு, என்னோட படுத்துக்கிட்டு, வெறுங்காலோட ஊரச் சுத்துனா, அது திரும்பிப் பாக்காதா? அடடே, இவன் இன்னும் இருக்கானான்னு வராதா? ஆயரு வந்து நிறுத்துவாரா? சாமி நிறுத்துவாரா?"

"அப்ப நான் எதுக்குடி இருக்கேன்? கறி இல்ல, நீ இல்ல. இப்படி இருந்து என்ன பண்ண?"

"நான் பாக்கறதுக்கு இரு" என்றாள். "நீ தும்முறதக் கேக்கறதுக்கு இரு. அது போதும் எனக்கு."

உடைந்த குடத்தின் ஓடுகளை இரண்டு பேருமாகப் பொறுக்கினார்கள், விரல் படாமல். அன்று முதல் அவன் கறியைத் தொடவில்லை, தட்டியைப் பற்றிப் பேசவும் இல்லை. தன்மேல் இவ்வளவு ஆசை வைத்தவளை எப்படி மீறுவது? மீறாமல் எப்படி வாழ்வது என்றும் தெரியவில்லை. ஆசை அப்படித்தான், அது வந்த வீட்டில் நியாயம் தனியாகப் போய் மூலையில் உட்கார்ந்துகொள்ளும்.

மொச்சை விதைக்கிற பருவத்தில் குன்னில்டா படுத்தாள். முதலில் இருமல், பிறகு விலாவில் குத்து, பிறகு காய்ச்சல். வாரின் அவளைத் தூக்கி வந்து தன் மெத்தையில் போட்டுவிட்டு, தான் தட்டிக்குப் பின்னால் போனான். துணி சுற்றிய கையால்தான் தூக்கினான், அவள் அப்படிச் சொன்னாள் என்று.

நாளுக்கு நாள் ஏறியது. ஒரு காலையில் அவள் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"சாமியக் கூப்பிடாத."

"என்னடி பேச்சு இது?"

"பாவத்தையெல்லாம் சாமிகிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் போன வாரந்தான் செஞ்சேன். புதுசா ஒண்ணும் செய்யல, படுத்துத்தான் கெடக்கேன்." மூச்சு வாங்கினாள். "இந்த வீட்டுல எண்ணெ பட்டது ஒண்ணு போதும். நானும் பட்டுட்டுப் பொழச்சா வெறுங்காலோட வயல்ல எறங்கறது யாரு? அதுவும் இல்லாம..."

"அதுவும் இல்லாம?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குப் பயம் கொறைஞ்சுகிட்டே வருதுய்யா. இந்த ஈஸ்டர் கழிச்சு தட்டியப் பிரிச்சிடலாமான்னுகூட நெனச்சேன். எனக்கும் பூசிட்டா அப்புறம் அதுக்கும் வழி இல்ல. ரெண்டு பக்கமும் பூட்டு."

இதைக் கேட்டபிறகு ஒரு மனுஷன் என்ன செய்வான்? வாரின் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அவன் கூப்பிடவில்லை. வெந்நீர் வைத்தான், தேன் கலந்து கொடுத்தான், மார்பில் பன்றிக் கொழுப்பைத் துணியால் தடவினான். காலையில், மத்தியானம் பார்க்கலாம் என்றான். மத்தியானம், கொஞ்சம் தேவலை போலிருக்கிறது என்றான். தானாகவே எழுந்துவிடுவாள், எண்ணெய் படாமலே எழுந்துவிடுவாள், ஈஸ்டர் வரும், தட்டி போகும். மழையில் நனைந்த செருப்பை அடுப்புக்கு மேலே காயப் போட்டுவிட்டு, பலகைமேல் நின்று கூழைக் கிண்டிக்கொண்டே இப்படி நினைத்தான்.

அப்போது அவள் மூச்சில் ஒரு சத்தம் கேட்டது. தொண்டைக்குள் கூழாங்கல் உருள்கிற சத்தம். திரும்பிப் பார்த்தான். அவள் மூக்கு கூராகியிருந்தது.

கரண்டியைப் பிடித்தபடியே நின்றான். அவனுக்கு அந்த வயதான சாமியார் சொன்னது நினைவு வந்தது, ஆத்துமா ஓரமாக உட்கார்ந்து உடம்புக்கு ஏங்கும் என்பது. நான் யாருக்காக இப்போது ஏங்குகிறேன்? இவள் ஆத்துமா எண்ணெய் இல்லாமல், வழித்துணை இல்லாமல், இருட்டில் தடவிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, இவள் பாதம் என் காலில் பட வேண்டும், அவ்வளவுதானே எனக்கு? சாவு இவளைத் தூக்க வந்திருக்கிறது, நானோ கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூழ் கிண்டுகிறேன். அவனுக்குத் தன்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது. தன் உடம்பில் எங்கே எண்ணெய் பூசியிருந்தார்களோ அங்கேயெல்லாம் பாவம் ஒட்டியிருப்பதுபோல இருந்தது.

ஓடினான். செருப்பு அடுப்புக்கு மேலேயே தொங்கியது, அவன் நினைக்கவே இல்லை. கோவிலுக்கு வண்டிப்பாதை சுற்று. குறுக்கே போனால் எட்மரின் வயல். நேற்றுத்தான் மொச்சை ஊன்றிய வயல். அவன் வேலியைத் தாண்டிக் குதித்தபோதுதான் பாதத்தில் மண் படுவது தெரிந்தது. சில்லென்ற, ஈரமான, விரல் இடுக்கில் பிதுங்குகிற மண். அப்படி ஒரு நேரத்திலும் அவன் உடம்பு அதைக் கவனித்தது, சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்துக்காக அவன் ஓடிக்கொண்டே அழுதான்.

"டேய்! டேய் வாரின்! செருப்பு எங்கடா?" எட்மர் வயல் கோடியிலிருந்து கத்தினான். "வெதை கருகிடும்டா, பாவி! வரப்பு மேல ஓடுடா!"

வாரின் வரப்பு மேல் ஓடவில்லை.

ஹேமோ சாமியாருக்கு அந்த வெறுங்காலைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு, கோவில்பிள்ளை முன்னால் மணியடித்துப் போக, முழங்காலைத் திட்டிக்கொண்டே கூட ஓடிவந்தார். வாசல் தாண்டியதும் அவர் வாயில் வசவு நின்றது.

வாரின் கால்மாட்டில் மண்டியிட்டான். சாமியார் கட்டைவிரலை எண்ணெயில் தொட்டார். கண்ணில் சிலுவை போட்டு, பார்வையால் செய்த பாவம் மன்னிக்கப்படட்டும் என்றார். அந்தக் கண் செய்த பாவம் என்னவென்று வாரினுக்குத் தெரியவில்லை, அது அவன் வருகிறானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கண். காதில் பூசினார், அவன் குறட்டையை இத்தனை வருஷம் கேட்ட காது. உதட்டில் பூசினார். அந்த உதட்டின்மேல் அவனுக்குச் சில புகார்கள் இருந்தன, எல்லாவற்றையும் அந்த நிமிஷமே விட்டுக்கொடுத்தான். கையில் பூசினார், இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டிக் குழியில் வைத்த கை. கடைசியாகப் போர்வையை விலக்கிப் பாதத்துக்கு வந்தார். வெடித்து, மண் ஏறி, கல் போலச் சில்லிட்ட பாதம். சாமியார் குனிந்து பூசியபோது வாரின் தலையைத் தரையில் முட்டிக்கொண்டான். அந்த உடம்பைச் சாணி மூட்டை என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அடித்திருப்பான், சாமியாராக இருந்தாலும்.

சாமியார் போகும்போது அவன் தோளில் கை வைத்தார். "காலாகாலத்துல கூப்பிட்டுட்டடா" என்றார். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாமியார்கள் சொல்கிற பொய்களில் அது நல்ல பொய்.

அவள் சாகவில்லை.

காய்ச்சல் இரண்டு நாள் ஆட்டிவிட்டு வேர்வையாக இறங்கியது. கண் திறந்ததும் அவள் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாசனை போகவில்லை. அவனைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கோவமா புள்ள?" என்றான்.

அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

"நீ போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதேன்னு பயந்துட்டேன். மொதல்ல சாமியக் கூப்பிடாம இருந்தேன். அது எனக்காக. அப்புறம் கூப்பிட்டேன். அது ஒனக்காக. வையறதுன்னா வஞ்சுடு."

போர்வை அசையவில்லை. வாரின் இன்னொரு பலகை அறுத்து, தட்டியிலிருந்து அடுப்புக்குப் போட்டான். அவள் செருப்புக்குள் வைக்கோல் திணித்து வைத்தான். இனி இதுதான் வாழ்க்கை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கூரை, இரண்டு பலகை, நடுவில் அடுப்பு. அவள் உயிரோடு தும்முவதைக் கேட்டுக்கொண்டு கிழவனாகலாம். கேட்கக் கிடைத்ததே பெரிது என்று மனதைத் தேற்றினான், தேறவில்லை.

அவள் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் தன் இடத்துக்கே, தட்டிக்குப் பின்னால், போய்விட்டாள்.

ஈஸ்டர் வந்தது. ஊரெல்லாம் கறி மணத்தது. எட்மர் ஒரு சட்டி முட்டைக்கோஸ் கூழோடு வந்தான். "ரெண்டு பேருக்குமா சேத்தே கொண்டாந்துட்டேன். ஒரே வீட்டுல ரெண்டு பொணம், எனக்கும் வேல மிச்சம்" என்றான். அவன் வயலில் மொச்சை முளைத்திருந்தது, வாரின் ஓடிய தடத்திலும் மற்ற இடம்போலவே பச்சைப் பசேலென்று. அதைப் பற்றிக் கேட்டதற்கு, "நீ ஓடின வேகத்துல எண்ணெ மண்ணுல ஒட்டல. நல்ல காலம், நடக்காமப் போன" என்றான். எட்மரை எந்த ஆயரும் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கு அடுத்த வாரம், விடாமல் மழை பெய்த ஒரு மத்தியானம். வயலுக்குப் போக வழியில்லை. வாரின் மெத்தையில் சாய்ந்து கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். தட்டியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. கழிகள் ஒவ்வொன்றாக அடுப்படியில் விறகோடு போய் விழுந்தன. பிறகு பலகைமேல் காலடிச் சத்தம். குன்னில்டா செருப்பில்லாமல் வந்து மெத்தை ஓரத்தில் நின்றாள். மெலிந்து, தலைமுடி பாதி கொட்டி, கன்னம் ஒட்டிப்போயிருந்தாள்.

"நகருய்யா" என்றாள்.

"என்னடி பண்ற?"

"உசிரோட இருக்கறவதான செத்தவனோட படுக்கக் கூடாது? நான்தான் செத்தாச்சே. நகரு."

அவன் நகராமல் விழித்தான்.

"படுத்துக் கெடந்தப்ப அதத்தான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். கோவம்னு நெனச்சியா? கோவமும்தான்." அவள் விரலை நீட்டிக் கோவில் இருக்கிற திசையைக் காட்டினாள். "எங்கப்பனும் ஆத்தாளும் அங்க எப்படிப் படுத்திருக்காங்க? பக்கத்துல பக்கத்துல. யாராவது போய் நடுவுல தட்டி கட்டுனாங்களா? செத்தவங்களுக்குத் தட்டி கெடையாதுய்யா."

"சாவு வந்து பாத்தா?" என்றான் வாரின். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவள் அவள். இப்போது அவனுக்குத்தான் பயமாக இருந்தது. அவள் மூக்கு கூராகிக் கிடந்ததை அவன் பார்த்துவிட்டானே.

அவள் மழையைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வரும். ஒருநாள் வரத்தான் போவுது" என்றாள். "அன்னிக்கு ஒன்ன அந்தக் கோடியிலயும் என்ன இந்தக் கோடியிலயும் தேட வேணாம். ஒரே எடத்துல இருப்போம்."

அவன் சுவரோரமாக நகர்ந்தான். அவள் ஏறிப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். வைக்கோல் சரசரத்தது. பசு அந்தக் கோடியிலிருந்து தலையைத் தூக்கி, நடுவில் தட்டி இல்லாததைப் பார்த்துவிட்டு, மறுபடி அசை போட்டது. கொஞ்ச நேரம் இருவரும் கட்டையாக, கைகால் படாமல், கல்லறைமேல் செதுக்கி வைத்த பிரபுவும் சீமாட்டியும்போல மல்லாந்து கிடந்தார்கள். பிறகு போர்வைக்கு அடியில் இரண்டு பாதங்கள் வந்து அவன் ஆடுசதையில் ஒட்டின.

"ஐயோ! என்னடி இது, இப்படிச் சில்லுனு இருக்கு!"

"செத்தவ காலு வேற எப்படிய்யா இருக்கும்?" என்றாள் குன்னில்டா.

அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.